கொட்டாஞ்சேனைக்கு வந்த சிவிங்கிப்புலி

2023 வைகாசி மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை, காலை எட்டேகாலுக்கு, வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த குழந்தைப்பேற்றுச் சிகிச்சை நிலையத்துக்குப் பெண் சிவிங்கிப்புலி ஒன்று வந்து, வரவேற்பறையில் ஜன்னலோரமாக உட்கார்ந்தது. அதற்குப் பதினேழாம் இலக்கம் கொடுக்கப்பட்டது. முதலில் எல்லோரும் சிறுத்தை என்றுதான் நினைத்தார்கள். யால காட்டுக்குப் போய்வந்த ஒரு கணவர்தான், சிறுத்தைக்கு இவ்வளவு நீளக் கால் கிடையாது, இடுப்பும் இப்படி ஒட்டியிருக்காது, கண்ணின் உள்மூலையிலிருந்து வாய்வரை இறங்கும் இந்தக் கறுப்புக் கோடும் இராது என்று விளக்கினார். அங்கே காத்திருந்த பெண்களுக்கு அந்தக் கோட்டைப் பற்றி யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பஸ்ஸில் வரும்போதே அழுது மை கரைந்த முகத்தோடு அவர்களில் பாதிப்பேர் அந்தக் கதிரைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்து இடம் விட்டாள். வரவேற்பில் இருந்த துஷ்யந்தி படிவத்தில் வயது என்ற இடத்தில் 'ஏறத்தாழ ஐந்து' என்றும், துணைவர் பெயர் என்ற இடத்தில் ஒரு சிறு கோடும் எழுதினாள். அது எப்படிக் கொழும்புக்கு வந்தது என்பதற்கு மூன்று கதைகள் உண்டு. அரபு நாட்டுக்குப் போன கப்பல் ஒன்று பழுதாகித் துறைமுகத்தில் நின்றபோது இறங்கி வந்தது என்பது அவற்றில் ஒன்று. மற்ற இரண்டும் இதைவிட நம்பக் கடினமானவை.

அந்த நிலையத்தின் பின்னறையில் மெற்றில்டா வேலை செய்தாள். இருபத்தொரு வருடங்களாக அவள் நுணுக்குக்காட்டியின் கீழே ஆண்களின் விந்து மாதிரிகளை வைத்து, எத்தனை ஓடுகின்றன, எத்தனை நிற்கின்றன, எத்தனைக்கு வால் வளைந்திருக்கிறது, எத்தனைக்குத் தலை இரண்டு என்று எண்ணி எழுதிக்கொண்டிருந்தாள். வயது நாற்பத்தாறு. கொட்டாஞ்சேனையில், துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தாள்.

அவள் குடும்பத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நூறு வருடங்களுக்கு முன் கப்பலோடு வந்து இறங்கிய காய்ச்சலில் அந்தக் குடும்பத்தின் அறுபத்துமூன்று பேரில் ஐம்பத்தொன்பது பேர் ஒரே மாதத்தில் இறந்தார்கள். மிஞ்சியது நான்கு பேர். அவர்களுக்கு வெளியாட்களைக் கண்டால் காய்ச்சலைக் கண்டது போல இருந்தது. ஆகவே தங்களுக்குள்ளேயே கட்டினார்கள், பிள்ளைகளையும் தங்களுக்குள்ளேயே கட்டிவைத்தார்கள். மூன்றாம் தலைமுறையில் எல்லோருக்கும் ஒரே முகம் வந்துவிட்டது. ஆண், பெண், கிழம், குஞ்சு எல்லாவற்றுக்கும் அதே அகன்ற நெற்றி, அதே சற்றுத் தாழ்ந்த இடக்கண். வேதக் கோயிலில் நன்மை அப்பம் கொடுக்கும் குருவானவர் ஒரே பெண் நான்கு தரம் வரிசையில் வருகிறாள் என்று ஏசியிருக்கிறார். குசினியில் எண்ணெய் கொட்டி ஒரு சித்திக்கு முதுகு வெந்தபோது, ஒன்றுவிட்ட தங்கையின் தொடைத்தோலை எடுத்து ஒட்டினார்கள். ஒட்டிய இடம் தெரியாமல் அது பிடித்துக்கொண்டது. தெருவில் மெற்றில்டாவை ஆட்கள் ஐறீன் என்பார்கள், றேணுகா என்பார்கள், பீற்றர் என்றுகூட ஒருமுறை கூப்பிட்டிருக்கிறார்கள். பிறகு ஐறீன் கனடாவுக்குப் போனாள், றேணுகா இத்தாலிக்குப் போனாள், பீற்றர் மாமா இறந்தார், மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள் அல்லது செத்தார்கள். ஒருநாள் கொட்டாஞ்சேனை முழுவதும் அவளைச் சரியாக மெற்றில்டா என்று கூப்பிடுவதை அவள் கவனித்தாள். அன்றைக்குத்தான் தான் தனித்துப்போனது அவளுக்கு உறைத்தது.

அவள் கட்டியது மச்சான் முறையான மெல்ரோயை. கலியாணப் படத்தில் ஒரே ஆள் இரண்டு உடுப்பில் நிற்பது போல இருக்கும். மூன்று தடவை கரு தங்காமல் போயிற்று. நாலாவது பெண் குழந்தை, உயிரோடு பிறந்தது, பத்தொன்பது நாள் இருந்தது, பத்தொன்பதாம் நாள் பின்னேரம் மூன்று பத்துக்கு மூச்சை நிறுத்திக்கொண்டது. அதன் பிறகுதான் மெற்றில்டா புருஷனின் மாதிரியைத் தானே எடுத்துப் பார்த்தாள். நூறில் எழுபத்தொன்று பிழை. அதை அவனிடம் சொல்லாமல் கடுதாசியை மடித்து வைத்தாள். மெல்ரோய் நேப்பிள்ஸுக்கு வேலைக்குப் போனான். ஆறு வருடங்கள் கழித்து லீவில் வந்தபோது, மேசையில் கிடந்த அவனுடைய போனை அவள் நேரம் பார்க்கத் தூக்கினாள். அது அவள் முகத்தைப் பார்த்துத் திறந்துகொண்டது. உள்ளே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் கடற்கரையில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்குக் குடும்ப முகத்தில் ஒன்றுமே இல்லை. அதனால்தான் அவை உயிரோடு இருக்கின்றன என்று அவளுக்கு அந்த இடத்திலேயே விளங்கியது. அவள் போனைத் திரும்ப வைத்துவிட்டு, அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனாள். சண்டை பிடிக்கவில்லை. லீவு முடிந்து அவன் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்துக் கதைப்பான். பிறகு மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் எடுத்தான். விவாகரத்தைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

ஆகவே பதினேழாம் இலக்கம் பின்னறைக்கு வந்து, அவளுடைய மேசைக்கு எதிரே பின்னங்கால்களில் அமர்ந்து அவளைப் பார்த்தபோது, மெற்றில்டா ஆச்சரியப்படவில்லை. டொக்டர் லோகேஸ்வரன் மட்டும் வாசலில் நின்று கொஞ்சம் யோசித்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சட்டதிட்டம் பார்க்கிறவர்.

"நோயாளி மனுசராத்தான் இருக்கோணும் எண்டு எங்கட படிவத்தில எங்கயாவது எழுதியிருக்கோ, துஷ்யந்தி?" என்று கேட்டார்.

"இல்ல டொக்டர்."

"அப்ப பாப்பம்."

அடுத்த வியாழக்கிழமை ஆணும் வந்தது. பெண்ணுக்கும் அதற்கும் முன்பின் பழக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டும் வேறு வேறு மூலைகளில் உட்கார்ந்தன. மாதிரி எப்படி எடுக்கப்பட்டது என்பதைப் பற்றி நிலையத்தில் இன்றுவரை யாரும் கதைப்பதில்லை. எடுத்ததை மெற்றில்டா கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தாள். வளைந்த வால்கள், சுருண்ட வால்கள், ஊசித் தலைகள், இரட்டைத் தலைகள். எண்ணி முடித்தபோது நூறில் எழுபத்தொன்று வந்தது. இன்னொருமுறை எண்ணினாள். அப்போதும் அதுவே. பொரளையில் ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு இரண்டின் இரத்தத்தையும் அனுப்பினார்கள். ஒரே ஆளின் இரத்தத்தை இரண்டு பெயரில் அனுப்ப வேண்டாம் என்று அங்கிருந்து திருப்பி அனுப்பினார்கள். மீண்டும் எடுத்து அனுப்பினார்கள். மீண்டும் அதே பதில் வந்தது, இந்த முறை கொஞ்சம் கோபமாக.

டொக்டர் லோகேஸ்வரன் மேசையில் இருந்த விட்டமின் போத்தலை எடுத்தார். அதில் நாலைந்து நிறக் குளிசைகள் கலந்து கிடந்தன. மூடியைத் திறந்து மெல்லச் சரித்தார். மூன்று சிவப்பும் ஒரு மஞ்சளும் கையில் விழுந்தன.

"இதுதான் நடந்தது, மெற்றில்டா. பத்துப் பன்னிரண்டாயிரம் வருசத்துக்கு முன்னம் இந்தச் சாதி அநேகமா அழிஞ்சுபோச்சு. என்னத்தால எண்டு ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாது. தப்பினது கொஞ்சம். பச்சை, நீலம் எல்லாம் போத்தலுக்குள்ளயே நிண்டிட்டுது. பிறகு எவ்வளவுதான் பெருகினாலும் சிவப்பும் மஞ்சளும்தான். இப்ப உலகத்தில இருக்கிற எல்லாச் சிவிங்கியும் கிட்டத்தட்ட ஒண்டுதான். ஒண்டின்ர தோலை மற்றதில ஒட்டினாலும் உடம்பு தள்ளாது. பிள்ளை தங்காது, தங்கினாலும் தப்பாது. ஒரு நோய் வருத்தம் வந்தா எல்லாத்துக்கும் ஒண்டா வரும்."

"எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான் டொக்டர்," என்றாள் மெற்றில்டா.

அவர் குளிசைகளைத் திரும்பப் போத்தலில் போட்டு மூடினார்.

அதன் பிறகு மூன்று கிழமைகள் மெற்றில்டா மத்தியானச் சாப்பாட்டை விட்டு, மெல்லிய கண்ணாடிக் குழலால் நல்லதை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். மற்றவர்களுக்கு அதை ஆயிரம் தரம் செய்திருக்கிறாள். தனக்குச் செய்துகொள்ளும் காலத்தில் இந்த நாட்டில் அந்தக் கருவி இருக்கவில்லை. கருவி வந்தபோது புருஷன் இருக்கவில்லை. ஆனி மாதம் பதினாறாம் திகதி டொக்டர் அவள் பொறுக்கியதைப் பெண் சிவிங்கிக்குள் வைத்தார். ஆண் அன்றே கடற்கரைத் தண்டவாளத்தில் ஏறித் தெற்கே நடந்தது. தெஹிவளை வரை அதைக் கண்டவர்கள் உண்டு. மெற்றில்டா ஜன்னலில் நின்று அது போவதைப் பார்த்தாள். திரும்பிப் பார்க்குமோ என்று கொஞ்ச நேரம் நின்றாள்.

சினைப்பட்ட விலங்கு மற்றவர்களோடு வரவேற்பறையில் இருக்க முடியாது. சத்தமும் சனமும் அதற்கு ஆகாது, வயிற்றில் இருப்பது கரைந்துவிடும் என்றார் டொக்டர். யாரும் கேட்கும் முன்னமே மெற்றில்டா தன் கைப்பையைத் தோளில் போட்டாள். வெளியே நப்ரீஸின் முச்சக்கரவண்டி நின்றது. கிராண்ட்பாஸ் பக்கத்துப் பொடியன், மழைநாட்களில் அவளை வீட்டில் இறக்கிவிடுகிறவன்.

"மிஸ், இது கடிக்குமா?"

"பசிச்சாக் கடிக்கும்."

"அப்ப போற வழியில எறச்சிக் கடையில நிப்பாட்டுவம்," என்று சொல்லி அவன் வண்டியை எடுத்தான். மருதானையில் நெரிசல். பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள், விளக்கு பச்சையானதும் நிமிர்ந்தார்கள்.

தொண்ணூற்று மூன்று நாள் அது மெற்றில்டாவின் வீட்டில் சினையோடு இருந்தது. அதற்குக் கர்ச்சிக்கத் தெரியாது. பூனையைப் போல உள்ளுக்குள் உறுமும், யாரையாவது தேடினால் குருவியைப் போலக் கீச்சிடும். அவள் வேலையால் வந்து படியேறும் சத்தம் கேட்டால் கீச்சிடும். எட்டு வருடங்களாக அந்த வீட்டில் அவள் வந்ததை யாரும் கவனித்ததில்லை. ஆகவே முதல் நாள் அவள் படியின் நடுவில் நின்றுவிட்டாள். பிறகு பழகிப்போயிற்று. அவள் சோற்றைப் போட்டுக்கொண்டு நிலத்தில் அமர்வாள், அது எலும்பை இரண்டு கைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு எதிரே படுக்கும். அவள் அன்றைக்கு வந்தவர்களைப் பற்றிச் சொல்வாள். தடவுவதற்கு மட்டும் அது விடவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை.

புரட்டாதி பதினேழாம் திகதி, மழை பெய்த ஒரு ஞாயிறு காலை, கோயிலில் இரண்டாம் பூசைக்கு மணியடித்தபோது குட்டி பிறந்தது. ஒன்றே ஒன்று. முதுகில் சாம்பல் நிறப் பஞ்சு, கீழே மை தொட்டு வைத்தது போலப் புள்ளிகள். மெற்றில்டா டொக்டருக்குப் போன் எடுத்துச் சொன்னாள். அவர் எத்தனை என்று கேட்டார். ஒன்று என்றாள்.

"ஒண்டுக்குப் பால் இறங்காது, மெற்றில்டா. மூண்டு நாலு இழுத்தாத்தான் சுரக்கும். தாய் விட்டிட்டுப் போயிடும். அதைக் கல்மனசு எண்டு நினையாதைங்கோ. ஒண்டோட மினக்கெட்டா அதுக்குத் திரும்பச் சினைப்பட ஏலாது. அதுகளின்ர வழி அப்பிடி."

நாலாம் நாள் தாய் எழுந்து கதவடியில் போய் நின்றது. மெற்றில்டா கதவைப் பூட்டி வைத்திருக்கலாம். சாவி அவள் கையில்தான் இருந்தது. அவள் குட்டியைத் தூக்கி அதன் முன்னால் வைத்துப் பார்த்தாள். அது குட்டியை ஒருமுறை நக்கியது, பிறகு மெற்றில்டாவின் மணிக்கட்டையும் ஒருமுறை நக்கியது. உப்புத்தாள் போல இருந்தது அந்த நாக்கு. அவள் கதவைத் திறந்தாள். அது படியிறங்கி, மீன்காரனுக்கு வழிவிட்டு, துறைமுகப் பக்கமாகப் போயிற்று. பிறகு அதை யாரும் காணவில்லை.

மெற்றில்டா இருபத்தொரு வருடத்தில் முதல் தடவையாக நீண்ட லீவு எடுத்தாள். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால்மாவும் முட்டை மஞ்சளும் கலந்து துளித்துளியாகக் கொடுத்தாள். பெயர் வைக்கவில்லை. பெயர் வைக்க அவளுக்குப் பயமாக இருந்தது. சுவரில் கலண்டரைத் திருப்பித் தொங்கவிட்டாள், ஆனாலும் நாட்களின் எண்ணிக்கை அவளுக்கு விளங்கித்தான் இருந்தது. பதினேழாம் நாள் குட்டி பாலைத் துப்பியது. உடம்பு நெருப்பாகக் கொதித்து, பிறகு குளிர்ந்தது. டொக்டர் லோகேஸ்வரன் பின்னேரம் கொட்டாஞ்சேனைக்கு வந்து, ஸ்டெதஸ்கோப்பை அந்தச் சின்ன நெஞ்சில் வைத்துக் கேட்டார்.

"தாய்ப்பால் குடியாததால எதிர்ப்புச் சக்தி இல்ல. பெரிய சிவிங்கி ஒண்டின்ர இரத்தத்தில இருந்து சீரம் எடுத்துக் குத்தினாத் தப்பும். எந்தச் சிவிங்கியெண்டாலும் காணும், எல்லாம் ஒண்டுதானே. ஆனா வந்த ரெண்டும் போன இடம் தெரியாது, இந்தத் தீவில வேற ஒண்டும் இல்ல."

மெற்றில்டா உள்ளே போய், வீட்டில் வைத்திருந்த பழைய நுணுக்குக்காட்டியை எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். தன் விரலைக் குத்தி ஒரு துளி. குட்டியின் காதில் ஒரு துளி. இரண்டையும் தகட்டில் கலந்து, கடிகாரம் பார்த்துக் காத்திருந்தாள். ஒத்துவராத இரத்தம் தயிர் போலத் திரண்டுவிடும். இது திரளவில்லை. கண்ணை வைத்துப் பார்த்தாள். அணுக்கள் எது யாருடையது என்று பிரிக்க முடியாதபடி பக்கத்தில் பக்கத்தில் மிதந்தன. டொக்டர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். ஒரு நியாயத்துக்காகத் தன் விரலையும் குத்திக் கலந்து பார்த்தார். அவருடையது உடனே திரண்டது.

"சரி," என்றார். "கையைத் தாங்கோ."

அவள் கையை நீட்டினாள். நப்ரீஸ் அந்த இரத்தத்தை மடியில் வைத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போய், நிலையத்தில் பிரித்துக் கொடுத்த சீரத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான். குட்டியின் கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கி, அதன் கீழே ஊசி போட்டார்கள்.

பத்தொன்பதாம் நாள் மெற்றில்டா காலையிலிருந்து எழும்பவில்லை. குட்டியை மார்பில் வைத்து, அதன் முதுகில் உள்ளங்கையைப் பொத்திக்கொண்டு கதிரையில் இருந்தாள். இரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரி சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மூன்று மணிக்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. மூன்று பத்துக்கு அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கைக்குக் கீழே அந்த நெஞ்சு ஏறியது, இறங்கியது, ஏறியது. மூன்று இருபது. மூன்றரை. நாலு மணிக்குக் குட்டி தலையைத் தூக்கி, அவள் நாடியில் மூக்கை இடித்து, பசியில் கீச்சிட்டது. மெற்றில்டா அப்போதுதான் அழுதாள். பதினைந்து வருடங்களுக்கு முன் அழுதிருக்க வேண்டிய அழுகையும் அதோடு சேர்ந்து வந்ததால் அது ஆறு மணிவரை நீடித்தது. பிறகு பால் கரைத்தாள். அன்றைக்குக் குட்டிக்கு செலீனா என்று பெயர் வைத்தாள்.

நத்தாருக்கு மெல்ரோய் போன் எடுத்தான். பின்னால் கீச்சிடும் சத்தம் கேட்டு, "என்ன, குருவி வளக்கிறியா?" என்றான்.

"இல்ல. பிள்ளை."

அந்தப் பக்கம் நேப்பிள்ஸில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"நல்லா இருக்காளா?"

"இருக்கிறாள். உங்கட பிள்ளைகள்?"

அவன் எழுந்து கதவைச் சாத்துவது கேட்டது. "இருக்கினம்," என்றான் கடைசியில். அதன் பின் அவர்களுக்குள் மறைக்க ஒன்றும் இல்லாததால், அடுத்த நத்தாருக்கு அவன் எடுக்கவில்லை.

செலீனா வளர்ந்தாள். ஞாயிறு விடியலில் நப்ரீஸ் இருவரையும் வெள்ளவத்தைக் கடற்கரையில் இறக்குவான். தெற்கேயிருந்து வரும் ரயிலோடு அவள் ஓடுவாள். ஸ்டேஷனைத் தாண்டுமுன் ரயில் பின்தங்கிவிடும். ஜன்னலில் தொங்குகிறவர்கள் ஆரம்பத்தில் கைதட்டினார்கள், பிறகு பேப்பர் படித்தார்கள். ரயிலை முந்திய பிறகு அவளுக்கு என்ன செய்வதென்று தெரியாது. கொஞ்சம் நின்று, சுற்றிப் பார்த்து, கற்களின் மேல் நடந்து மெற்றில்டாவிடம் திரும்பி வருவாள். மாலைகளில் கொட்டாஞ்சேனை வீட்டு மொட்டைமாடியில் ஏறி, துறைமுகத்துக்குள் நுழையும் ஒவ்வொரு கப்பலையும் பார்த்துக் கீச்சிடுவாள். ஒரு கப்பலிலிருந்தும் பதில் வந்ததில்லை. அவளுக்குச் சோடி இந்தத் தீவில் இல்லை, இருந்தாலும் அது அவளாகவேதான் இருக்கும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். மெற்றில்டா அந்த நேரங்களில் மாடிக்குப் போய்ப் பக்கத்தில் நிற்பாள். தன்னாலும் அந்தச் சத்தத்தைப் போட முடிகிறது என்று ஒருநாள் கண்டுகொண்டாள். அதன் பிறகு செலீனா கூப்பிட்டால் மெற்றில்டா பதில் சொல்வாள். அயலில் அதற்கென்று யாரும் கதவைத் திறந்து பார்ப்பதில்லை.

2024 கார்த்திகையில் நாடெங்கும் குடிசனக் கணக்கெடுப்பு நடந்தது. அந்தத் தெருவுக்கு வந்தவள் நஸ்லா என்ற ஆசிரியை. கையில் டெப் கணினி ஒன்று வைத்திருந்தாள். படியேறிய களைப்பில் கதிரையில் அமர்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

"இந்த வூட்டுல எத்தின பேர் ஈக்கிறீங்க, மிஸ்?"

"ரெண்டு பேர். நானும் மகளும்."

நஸ்லா ஜன்னல் விளிம்பில் தாடையை வைத்துப் படுத்திருந்த செலீனாவைப் பார்த்தாள். செலீனாவும் அவளைப் பார்த்தாள். நஸ்லா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, உறவுமுறை என்ற இடத்தில் மகள் என்பதைத் தொட்டாள். பிழையான விவரம் கொடுத்தால் அந்த டெப் சிவப்பு எழுத்தில் காட்டிக்கொடுக்கும். சிவப்பு வரவில்லை. பிறந்த திகதி கேட்டாள், பாடசாலைக்குப் போகிறாளா என்று கேட்டாள், இன்னும் வயது காணாது என்று தானே சொல்லிக்கொண்டாள்.

"புருஷன்?"

"இத்தாலியில."

"அடுத்த கேள்வி பொம்பளயள்ட கேக்கத்தான் வேணும், கோவிக்க வாணாம். நீங்க பெத்த புள்ளயள் எத்தின? உசிரோட பொறந்தது மட்டும் சொல்லுங்க."

"ரெண்டு," என்றாள் மெற்றில்டா.

"இப்ப உசிரோட ஈக்கிறது?"

"ஒண்டு."

நஸ்லா இரண்டு கட்டங்களையும் நிரப்பினாள். எழுந்து, சீலையை உதறிக்கொண்டு, தண்ணீருக்கு நன்றி சொன்னாள். வாசலில் ஒரு கணம் நின்று, "மகளுக்கு உங்கட மொகந்தான் மிஸ்," என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.